தீர்த்தம் குடித்த டார்ச் விளக்கு

பித்தளைத் தாம்பாளத்தில் ஐந்து பேட்டரிக் கட்டைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு முழம் மல்லிகை, இரண்டு மெழுகுவத்தி. நடுவில் அந்த டார்ச் விளக்கு. தலையைத் தனியாக, வாலைத் தனியாகக் கழற்றிப் போட்டிருந்ததில் குடலெடுத்த மீன் மாதிரி கிடந்தது.

எங்கள் குப்பத்துச் சின்னக் கோயிலில் பாதிரியாருக்குப் பதிலாகச் செபம் நடத்தும் உபதேசியார், செம்பிலிருந்த தீர்த்தத்தைக் குஞ்சத்தால் தொட்டுத் தெளித்தார். கட்டைகளைச் சுற்றியிருந்த காகிதத்தில் பொட்டுப் பொட்டாக ஈரம் இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் வுடுங்க உபதேசியாரே. உள்ள போவ வேணாமா?" என்றார் பெரிய மாமா.

உபதேசியார் தயங்கினார். பெரிய மாமா செம்பைத் தானே வாங்கிக்கொண்டார். டார்ச்சின் குழாயை நிமிர்த்திப் பிடித்து, பிள்ளைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற மாதிரி ஊற்றினார். பிறகு கவிழ்த்தார். வடிந்த தண்ணீரைத் தலையில் தடவிக்கொண்டார். கூட்டம் மொத்தமும் சிலுவை போட்டுக்கொண்டது.

நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் எனக்குக் கோபம் ஏறியது. இத்தனை வயதாகியும் அது முழுசாக இறங்கவில்லை.

இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுப் பெண் கேட்டாள், "எல்லாரைப் பத்தியும் நல்லதாவே எழுதறீங்களே, உங்களுக்குக் கோவமே வந்ததில்லையா?" என்று. வந்திருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன்.

கைமீன்

பட்டினப்பாக்கத்துக் கரையில் எங்கள் குப்பம். நான் கட்டிக்கொண்டு வந்தது சூசையை. வீட்டில் அவர், நான், என் மாமியார், மூன்றே பேர். மாமனார் இல்லை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஐப்பசி மழையில், கடலுக்குப் போனவர் திரும்பவில்லை.

அப்போதெல்லாம் கட்டுமரம் கரை திரும்ப நேரமாகி இருட்டிவிட்டால், பெண்கள் கரையில் தென்னோலைச் சூள் கொளுத்திப் பிடிப்பார்கள். கடலில் இருப்பவர்களுக்கு அந்த நெருப்புதான் அடையாளம். எங்கள் கரைக்குத் தெற்கே அடையாற்று முகத்துவாரம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் தள்ளும், அலை ஒரு பக்கம் அடிக்கும். நடுவில் மணல் திட்டு. வாடைக் காற்று மரத்தைத் தெற்கே தெற்கே என்று இழுத்துக்கொண்டு போகும். கரை தெரியாமல் அந்தத் திட்டில் ஏறினால் மரம் குட்டிக்கரணம் போடும்.

என் மாமனார் போன அன்றைக்கு மழையில் சூள் நிற்கவில்லை. என் மாமியார் ஓலை ஓலையாகக் கொளுத்தினாராம். ஒவ்வொன்றும் புகைந்து அணைந்ததாம். "அடுப்ப ஊதற மாதிரி கடலாண்ட குந்திகினு ஊதினேன்டி" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

சண்டை முடிந்து கடைகளில் பேட்டரிக் கட்டை மறுபடி வரத் தொடங்கியதும், டார்ச் விளக்கு வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தவரும் அவர்தான். மழையில் அணையாத வெளிச்சம். தூரத்துக்கு அடிக்கிற வெளிச்சம். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். விற்கப் போகும் கூடையிலிருந்து தினம் ஒரு கை மீன் எடுத்துத் தனியாக வைப்பது. அதை ஒருத்தி விற்றுச் சேர்ப்பது. கைமீன் என்று பேர் வைத்தோம். நெத்திலி, காரப்பொடி, சில நாள் ஒன்றிரண்டு சங்கரா. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயில் போகவேண்டிய மீன் அது.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்த விளக்கு பெண்கள் வாங்கிய விளக்கு. அதை யாரும் மறந்துவிடக் கூடாது.

குளக்கரைத் தெருக் கடை

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். பூட்டு, குடை, அரிக்கேன் விளக்கு, டார்ச் எல்லாம் கிடைக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடைக்கு மூன்று பேர் போனோம். என் மாமியார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதற்காக நான். கூடவே பெரிய மாமா. பெரிய மாமா என்றால் என் மாமனாரின் அண்ணன். குப்பத்துக்குத் தலைவரும் அவரே. "பொம்பளைங்களா போயி ஏமாந்துகினு வருவீங்க" என்று தானே கிளம்பி வந்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் மருமகள் அவர் முன்னால் பேசமாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியார் காதில் சொல்வேன். அவர் உரக்கச் சொல்வார்.

அண்ணாச்சி மூன்று விளக்குகளை எடுத்து வைத்தார். ரெண்டு கட்டை போடுவது, மூணு கட்டை போடுவது, அஞ்சு கட்டை போடுவது. கடைக்குப் பின்னால் நீளமான இருட்டுக் கிடங்கு ஒன்று இருந்தது. அதற்குள் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். ரெண்டு கட்டை விளக்கின் வெளிச்சம் பாதி தூரத்தில் பால் சிந்தின மாதிரி பரவிப் போயிற்று. அஞ்சு கட்டை விளக்கு கோடியில் இருந்த சுவரில் ஒரு தட்டு அளவுக்கு வெள்ளையாக நின்றது.

"தலையத் திருகினா வெளிச்சம் விரியும், இந்தப் பக்கம் திருகினா குவியும். தூரத்துக்குன்னா குவிச்சுதான் அடிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

பெரிய மாமா விளக்கை வாங்கி, வெளிச்சத்தைப் பார்க்காமல், அதன் வெள்ளிப் பளபளப்பில் தன் மீசையைப் பார்த்தார்.

நான் மாமியார் காதில் சொன்னேன். அவர் கேட்டார்: "அண்ணாச்சி, கடல்ல கீறவன் நம்ம வெளிச்சத்த பாக்கணும். நாம அவன பாக்க வேணாம். அதுக்கு எது?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "அப்படிக் கேளுங்க. அதுக்கும் இதுதாம்மா. இன்னும் ஒண்ணு சொல்லுதேன். அஞ்சு கட்டைக்கு உள்ள பல்பத்தான் போடணும். மூணு கட்டை பல்ப இதுல போட்டா பொசுக்குன்னு போயிரும்."

பிறகு கட்டை. அங்கேதான் என் மாமியார் தன் கையைக் காட்டினார். அண்ணாச்சி முன்னால் இருந்த பெட்டியிலிருந்து ஐந்தை எடுத்து வைத்தார். மாமியார் ஒவ்வொன்றையும் மீனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அமுக்கினார். முகர்ந்தார். கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஒன்றின் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

"இது செத்த மீனு அண்ணாச்சி."

"அது கொஞ்சம் பழைய சரக்கு..."

"பழசு சூசையோட ஆத்தாவுக்கா? வேற எடு."

அண்ணாச்சி சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தார். அதில் கட்டைகளின் அடி புதுத் தகரமாக மின்னியது. தலையில் ஊற்றியிருந்த கறுப்புத் தார் விரிசல் இல்லாமல் இருந்தது. கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. ஒவ்வொன்றையும் ஒரு கம்பியையும் சின்ன பல்பையும் வைத்து எரியவிட்டுக் காட்டினார்.

காகிதத்தில் கட்டிக் கொடுக்கும்போது விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "வேலை முடிஞ்சா கட்டைய வெளிய எடுத்துடணும். உள்ளயே போட்டு வைக்காதிய. பழசும் புதுசும் கலந்து போடாதிய. முக்கியமா ஈரம். ஈரம் பட்டா கட்டை அழும். அது அழுத தண்ணி உள்ள இருக்க ஸ்பிரிங்க தின்னுரும்."

மூன்று பேரும் கேட்டோம். மூன்று பேர் காதும் நன்றாகக் கேட்கிற காதுதான்.

வலைக்கு உண்டு என்றால் விளக்குக்கும் உண்டு

எங்கள் பக்கத்தில் புது வலை கட்டினால் முதலில் கோயிலுக்குக் கொண்டு போவோம். ஏசுவின் சீடரான, மீன் பிடித்த இராயப்பர்தான் எங்களுக்குப் பாதுகாவலர். அவர் சுரூபத்துக்கு முன்னால் வலையை முழுக்க விரித்துப் போட்டு, ஒரு கண் விடாமல் தீர்த்தம் தெளிப்பார்கள். தெளிக்காத கண்ணில் மீன் நிற்காது என்பார்கள். அதில் எனக்குக் குறையில்லை. வலை தண்ணீரிலேயே கிடக்கிற பொருள். கட்டை அப்படியா?

அந்த ஆனி மாதத் திருவிழாவில் விளக்கையும் மந்திரிக்க வேண்டும் என்று பெரிய மாமா சொன்னபோது யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. மேலே இரண்டு சொட்டுத் தெளிப்பார்கள் என்று இருந்தேன். அவர் கழற்றத் தொடங்கியதும்தான் எனக்குப் பகீரென்றது.

மாமியார் காதில் சொன்னேன். மாமியார் சொன்னார், "பெரியவரே, கட்டைக்கு ஈரம் ஆவாதுன்னு அண்ணாச்சி சொன்னாரே."

"வலைக்குக் கண்ணு கண்ணா தெளிக்கிறோம். இதுக்கு மட்டும் மேலாப்புல தெளிச்சா போதுமா?"

"தெளிக்க வேணாம்னு சொல்லல. கட்டைய வுட்டுட்டு..."

"தீர்த்தம் பட்டா கெட்டுப் போவுமா? இன்னாமே பேசற நீ? சாமி தண்ணி பட்டு ஒரு பொருளு கெட்டுப் போவுமா? சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

கோயில் நிறையக் கூட்டம். அதில் நின்று, ஆமாம், தீர்த்தம் பட்டால் கெட்டுப் போகும் என்று எவள் சொல்வாள்? தீர்த்தத்தில் உப்பு மந்திரித்துக் கலப்பார்கள் என்பது குப்பத்தில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்பதும் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இரண்டையும் சேர்த்து ஒருவரும் நினைக்கவில்லை. நினைத்தவள் வாயையும் அடைத்தாகிவிட்டது.

ஈரக் கட்டைகளை ஈரக் குழாய்க்குள் தள்ளித் திருகி மூடினார்கள். இராயப்பர் காலடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெரிய மாமா பெட்டியைப் பூட்டினார்.

"இனிமே இது மந்திரிச்ச பொருளு. பொம்பளைங்க யாரும் தொடக்கூடாது. வேணும்ன்ற அன்னிக்கு நான் எடுத்தாறேன்."

கைமீன் கொடுத்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தோம்.

கோயில் கூட்டுகிற முறை என்னுடையது. வாரா வாரம் அந்தக் கண்ணாடியைத் துடைப்பேன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. விளக்கின் வால் மூடி ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு வந்தது. மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் போய்ப் பெரிய மாமாவிடம் சொன்னார். மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் வாயால் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "கட்டைய வெளிய எடுத்து வெய்யில்ல வெக்கணும் மாமா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொல்லியிருப்பேன்.

அவர் வீட்டு ஆண்களைப் பார்த்துச் சிரித்தார். "பார்டா, கன்யாஸ்திரீ பள்ளியோடத்துல நாலாங்கிளாஸ் பட்சவ வந்துகிறா. சாமி வெளக்குல பச்ச பூத்துகிதாம்." அவர்களும் சிரித்தார்கள். என் புருஷனும் அங்கே இருந்தார். அவர் சிரிக்கவில்லை. எனக்காக எழுந்திருக்கவும் இல்லை.

ஐப்பசி

அந்த வருஷ மழை சொல்லாமல் வந்தது. காலையில் வானம் வெளுப்பாக இருந்தது. சூசையும் அவர் கூட்டாளியும் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். இவர்கள் மட்டும் வஞ்சிரத்துக்காக இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. வாடை. பிறகு மழை, சாய்வாக, முகத்தில் மணலை அள்ளி அடிக்கிற மாதிரி. பொழுது சாய்வதற்கு முன்னாலேயே இருட்டு வந்துவிட்டது. கரையில் நின்றால் முன்னால் இருக்கும் அலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆற்றுப் பக்கம் தண்ணீர் இரைந்தது.

என் மாமியார் ஓலையைத் தேடவில்லை. மணலில் நின்று கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மாமா விளக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கும்பிட்டார். பொத்தானைத் தள்ளினார். ஒன்றும் இல்லை. மறுபடி தள்ளினார். உள்ளங்கையில் தட்டினார். தொடையில் தட்டினார்.

"பல்பு லூசாகிகிது போல" என்றார்.

வால் மூடியைத் திருகிப் பார்த்தார்கள். நாலு பேர் மாறி மாறித் திருகித்தான் அது வந்தது. உள்ளேயிருந்து வெள்ளையும் பச்சையுமாகச் சேறு வழிந்தது. ஸ்பிரிங் சுருளில் பாதியைக் காணோம். கட்டைகள் வீங்கிப் போய்க் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் விளக்கை மணலில் வைத்தார். முட்டி போட்டார்.

"செபமாலை சொல்லுவோம். அல்லாரும் முட்டி போடுங்க."

போட்டார்கள். மழையில் அத்தனை பேரும் முட்டி போட்டார்கள். கடலுக்குள் என் புருஷன் இருக்கிறார். அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. செபத்தின்மேல் கோபம் இல்லை. நானும் அன்றாடம் சொல்கிறவள்தான். ஆனால் கட்டையைக் கெடுத்தவர், அதை ஒப்புக்கொள்ளாமல், அதே வாயால் மாதாவைக் கூப்பிட்டாரே, அதுதான் பொறுக்கவில்லை.

மணலில் கிடந்த விளக்கை எடுத்தேன். முந்தானையில் சுற்றினேன். ஓடினேன்.

"ஏய், அத்த தொடாதமே!" என்று பின்னால் குரல் வந்தது. குரல் மட்டும்தான் வந்தது.

கட்டைக்குத் தெரியாது

அண்ணாச்சி மழைக்காகக் கடைப் பலகைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் தெருக்கோடியிலிருந்தே கத்தினேன்: "மூடாதீங்க! அண்ணாச்சி, மூடாதீங்க!"

மீன்கூடையோடு தெருவில் போகும்போதுகூட எனக்குக் கூவ வராது. மாமியார்தான் கூவுவார், நான் பின்னால் நடப்பேன். அன்றைக்கு அந்தத் தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

அண்ணாச்சி விளக்கை வாங்கி உள்ளே பார்த்தார். முகம் மாறியது. "இத எவன்மா தண்ணியில போட்டது? படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"தண்ணி இல்ல அண்ணாச்சி. தீர்த்தம். மந்திரிச்சாங்க."

அவருக்கு வேறு சாமி. ஆனாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "சாமி தண்ணியா? அப்ப நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கட்டைக்கு அது தெரியாதுல்லா."

இரும்புக் கம்பியை விட்டுக் குத்திக் குத்திக் கட்டைகளைப் பெயர்த்தார். கையெல்லாம் கறுப்பு. குழாயின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஸ்பிரிங் அவர் கையிலேயே பொடிந்தது. அந்த அளவில் வேறு ஸ்பிரிங் இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கெட்டியாக மடித்துச் சுருட்டி அந்த இடத்தில் வைத்தார். பல்பைத் துடைத்துக் கம்பி வைத்துப் பார்த்தார். எரிந்தது.

முன்னால் இருந்த பெட்டியிலிருந்து கட்டை எடுத்தார்.

"அது வேணாம். உள்ள கீற பொட்டி."

"இதுவும் நல்லதுதாம்மா. அவசரத்துல..."

"அடிய காட்டுங்க. ஒவ்வொண்ணா எரிய வுட்டுக் காட்டுங்க."

"என்மேல நம்பிக்கை இல்லையா தாயி?"

"இன்னிக்கு எனக்கு யார் மேலயும் நம்பிக்க இல்ல."

அவர் உள்ளே போனார். ஒவ்வொன்றாக எரியவிட்டுக் காட்டினார். மூன்றாவது மங்கலாக எரிந்தது. அவரே அதைத் தூக்கி மூலையில் வீசிவிட்டு வேறு எடுத்தார். மூடியைத் திருகி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, என் கையில் வைத்துச் சொன்னார்: "குவிச்சுப் பிடி. ஆட்டாத. ஆட்டினா மின்னல்னு நெனப்பான். ஒரே இடத்துல நின்னாத்தான் வெளக்குன்னு தெரியும்."

என் மாமியாரின் தோள்

திரும்பி வந்தபோது கரை முழு இருட்டு. செபமாலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மரத்தின்மேல் ஏறி நின்று பொத்தானைத் தள்ளினேன்.

மழைக்குள் ஒரு வெள்ளைக் கோல் போல வெளிச்சம் நீண்டது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள்.

பெரிய மாமா எழுந்து வந்தார். கையை நீட்டினார். "குடு இப்டி. ஆம்பள புடிக்கிற வேல."

நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றேன்.

விளக்கு கனம். வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. என் மாமியார் வந்து எனக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி நின்றார். "எந்தோள்ல வைமே" என்றார். வைத்தேன். அந்தத் தோள் ஆடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழைத்தண்ணீர் அவர் கழுத்து வழியாக இறங்கியதும், ஈரக் கொண்டையின் மீன் வாசமும்தான் எனக்கு ஞாபகம்.

தெற்கேயிருந்து குரல் வந்தது. ஆற்று முகத்துக்கு அருகிலிருந்து. "ஓ" என்று ஒன்று. பிறகு இன்னொன்று.

அவர்கள் ஏற்கெனவே திட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போகப்பட்டிருந்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் கரை எந்தப் பக்கம் என்றே தெரிந்ததாம். இரண்டு பேரும் துடுப்பைப் போட்டு மரத்தைத் திருப்பினார்கள். முக்கால்வாசி திருப்பிவிட்டார்கள். திட்டின் வாலில் ஒரு அலை பின்னாலிருந்து தூக்கி அடித்தது. கயிறு அறுந்து, நடுமரம் கழன்று, என் புருஷனின் முழங்காலில் விழுந்தது.

கூட்டாளி அவரை இழுத்துக்கொண்டு வந்தார். ஆண்கள் அலைக்குள் போய்த் தூக்கினார்கள். உயிர் இருந்தது. முழங்கால் இருந்த இடத்தில் முழங்கால் இல்லை.

விளக்கு கோயிலில் இல்லாமல் எங்கள் வீட்டில் இருந்திருந்தால், நான் மயிலாப்பூருக்கு ஓடிய நேரம் மிச்சம். அந்த நேரத்தில் அவர் திட்டுக்கு எவ்வளவோ வடக்கே இருந்தார். அவர் கூட்டாளி அப்படித்தான் சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை.

சாமி காட்டின வெளிச்சம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெரிய மாமா எழுந்து சொன்னார்: "மந்திரிச்ச வெளக்கு. பொருளு கெட்டுப் போயும் சாமி வெளிச்சம் காட்னாரு. இராயப்பர் புதுமை."

புதுமை என்றால் எங்கள் பேச்சில் அற்புதம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளித்தாள், உப்புத்தாள், அண்ணாச்சியின் கறுத்த கை, என் மாமியாரின் தோள், ஒன்றும் அந்தப் புதுமையில் வரவில்லை. மெழுகுவத்தி ஏற்ற வரிசையில் நின்றார்கள்.

அதைவிட என்னை எரித்தது வீட்டில் நடந்தது. பாயில் கிடந்த சூசை, காலில் கட்டோடு, என்னிடம் சொன்னார்: "எனக்கு சாமிதான் காட்னாரு பிலோ."

"நான் காட்டினேன்யா."

"நீ புடிச்ச. காட்னது அவுரு."

அடிபட்ட மனிதரிடம் என்ன சண்டை போடுவது? அவருக்கு அது தேவையாக இருந்தது. கால் போனதற்கு ஒரு காரணம் வேண்டாமா? சாமி உயிரைக் கொடுத்துக் காலை எடுத்துக்கொண்டார் என்று நினைத்தால் மனசு ஆறும். பெரிய மாமாவின் பிடிவாதம் எடுத்துக்கொண்டது என்று நினைத்தால் ஆறுமா? எனக்கு ஆறவில்லை. அவர் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து வலை பின்னினார். அபிராமபுரத்துத் தெருக்களில் நான் தனியாகக் கூவக் கற்றுக்கொண்டேன்.

வெறுங்கூடு

விளக்கைத் திருப்பிக் கேட்டுப் பெரிய மாமா வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், சூசையைப் பார்த்துப் பேசினார்.

"கோயில் பொருளு வூட்ல வெக்கக்கூடாது."

"குடுத்துடு பிலோ" என்றார் என் புருஷன்.

என் மாமியார் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. ஆனால் ஊதுகுழலை வைத்துவிட்டார்.

விளக்கை எடுத்தேன். வாலைத் திருகினேன். ஐந்து கட்டைகளையும் ஒவ்வொன்றாக மடியில் எடுத்துக்கொண்டேன். வெறும் கூட்டை மறுபடி மூடி அவரிடம் நீட்டினேன்.

"இன்னா இது?"

"சாமி வெளக்கு மாமா. சாமிக்குக் கட்ட எதுக்கு? அவுரே வெளிச்சம் காட்றாரே."

அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கூட்டை வாங்கிக்கொண்டு போனார். அது மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. கட்டைகள் எங்கள் அரிசிப் பானைக்குள் போயின. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாமியார் தினமும் அரிசி அளக்கும்போது ஒவ்வொன்றின் அடியையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவார்.

அடுத்த வருஷமும் ஐப்பசி வந்தது. ஒரு நாள் வானம் கறுத்து, வாடை எழுந்து, பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. பெரிய மாமா. தலையில் சாக்கு. இரண்டு கையிலும் அந்த வெறும் கூடு. அவருடைய சின்ன மகன் அன்றைக்குக் கடலில்.

நின்றார். கேட்கத் தெரியவில்லை. ஒரு பெண்ணிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். அவரைக் கேட்க வைக்க வேண்டும் என்றுதான் நின்றேன். ஆனால் கடலில் இருந்த பையன் என்ன தப்புச் செய்தான்?

"கட்ட..." என்றார். "கட்ட குடும்மா."

"கட்டைய குடுக்க மாட்டேன். வெளக்க குடுங்க."

கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு கட்டையாக அடி பார்த்துப் போட்டேன். ஒன்றைக்கூட அவசரமாகப் போடவில்லை. மூடியைத் திருகி, பொத்தானைத் தள்ளிப் பார்த்து அணைத்துவிட்டு, நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார்.